பிளவக்கல் கரையில் கடவுளை நிரூபிப்பது எப்படி? (இல்லாமல் ஆக்குவதும்)

முதலில் இடம். பிரபஞ்சம் எப்படி வந்தது, அதை யாராவது படைத்தார்களா என்ற விவகாரத்தை டீக்கடையில் ஆரம்பிக்கக் கூடாது. அங்கே நடுவர்கள் அதிகம். வடை ஆறுவதற்குள் பேச்சு உள்ளாட்சித் தேர்தலுக்குப் போய்விடும். கல்யாண வீடும் ஆகாது. பந்திக்குக் கூப்பிட்டதும் இரண்டு தரப்பும் எழுந்து ஓடிவிடும். குறுக்கே ஆள் வராத, அதே சமயம் பார்த்த மாத்திரத்தில் ‘இதெல்லாம் எங்கிருந்து வந்தது’ என்று கேட்கத் தோன்றுகிற இடம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்குப் பிளவக்கல் இருக்கிறது.

வத்திராயிருப்பைத் தாண்டி, கூமாப்பட்டி வழியாக மேற்கே போனால் மலை வந்து பாதையை மறிக்கும். அதன் அடிவாரத்தில் அணை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கோவிலாறு அணை. மற்றது பெரியாறு அணை. வாதத்துக்குத் தோதாக நான் வைத்த பெயர்கள் அல்ல இவை. ஆற்றின் பெயர்களே அப்படித்தான். ஒரே மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைத் தனித்தனியாகத் தேக்கி, கடைசியில் அதே வட்டாரத்துக் கண்மாய்களுக்குத்தான் இரண்டும் விடுகின்றன. பெரியாறு அணையின் உயரம் 47 அடிக்குக் கொஞ்சம் மேல், கோவிலாறு 42 அடிக்குக் கொஞ்சம் மேல். இந்த ஐந்தடி வித்தியாசத்தை எந்தத் தரப்பும் சான்றாகக் காட்டக் கூடாது என்பது வழிகாட்டியின் முதல் விதி.

கிளம்புமுன் அணைப்பகுதிக்குள் போக அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2025-இல் ஒரே ஒரு ரீல் கூமாப்பட்டியைத் தனித் தீவாக்கியது. அதை நம்பி எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அணைக்குள் அனுமதியில்லை என்ற பதில்தான் காத்திருந்தது. பார்க்காததைப் பிறர் சொல்லக் கேட்டு நம்புவது சரியா தப்பா என்று தர்க்க நூல்கள் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கின்றன. கூமாப்பட்டி விலக்கில் வண்டியைத் திருப்பியவர்களுக்கு அந்த அத்தியாயம் நேரடியாகப் புரிந்திருக்கும். கையில் கால் கிலோ பால்கோவா இருப்பது நல்லது. வாதம் முற்றிப்போய் உறவு முறியும் கட்டத்தில் இரண்டு வாய்களையும் ஒரே நேரத்தில் அடைக்க 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் இது ஒன்றுதான் கைவசம் உண்டு.

அடுத்தது எதிராளி. கட்டாயம் உறவுக்காரராக இருக்க வேண்டும். அந்நியரோடு வாதாடினால் அவர் ‘நீங்க சொல்றதும் சரிதாங்க’ என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். தாய்மாமன் அப்படிச் செய்ய மாட்டார். பழைய காலத்தில் மாமா விபூதிப் பட்டையோடு இருப்பார், மருமகன் காலேஜில் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பான். இப்போது நிலைமை தலைகீழ். மாமா கருப்புச் சட்டை. பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து மதகு திறந்து மூடியே ரிட்டயர் ஆனவர். மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, மணிக்கட்டில் கயிறு, கழுத்தில் ருத்திராட்சம், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயில். இந்த வழிகாட்டி இருவருக்குமே உதவும் என்பதால் நீங்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டத்தை எப்போதும் ஆத்திகர்தான் தொடங்க வேண்டும். கரையில் உட்கார்ந்ததும் கையில் இருக்கிற பொருளை வைத்துத் தொடங்குவது மரபு. வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் 1802-இல் கடிகாரத்தை வைத்துத் தொடங்கினார். நம் தர்க்கக்காரர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பானையை வைத்துத் தொடங்கினார்கள்: பானை இருந்தால் குயவன் உண்டு. பிளவக்கல்லில் அணையே எதிரில் இருக்கிறது.

“மாமா, இந்த அணை தானா முளைச்சதா?”

“எந்தக் கிறுக்கன் சொன்னான்?”

“நாப்பத்தேழு அடி அணைக்கே கட்டுன ஆளு வேணும்னா, பின்னால நிக்கிற மலைக்கு வேண்டாமா?”

“வேணும்தான் மாப்ள. அணைக்கு எஸ்டிமேட் இருக்கு. டெண்டர் இருக்கு. எம் புக்ல அளவு ஏத்திக் கையெழுத்துப் போட்ட ஜே.இ. இருக்காரு. மலைக்கு எம் புக்கக் காட்டு. நாளைக்கே தாணிப்பாறையிலருந்து நானும் சதுரகிரி ஏறுறேன்.”

“எம் புக் தொலைஞ்சு போச்சுன்னா அணை தானா முளைச்சதுன்னு ஆயிருமா?”

மாமா பீடியைப் பற்ற வைத்துக்கொள்கிறார். இது தோல்வியின் அடையாளம் என்று மருமகன் நினைக்கக் கூடாது.

“சரி. மலையக் கட்டுன ஆளு இருக்காருன்னே வச்சுக்குவோம். அவரக் கட்டுனது யாரு?”

“அவரு கட்டப்படாதவரு மாமா. எப்பவும் இருக்கிறவரு.”

“அப்ப மலையே கட்டப்படாததா, எப்பவும் இருக்கிறதா இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு ஆள் சம்பளம் மிச்சம்ல?”

இந்த ஏழெட்டு வரிக்குள் உலகத்து நூலகங்களில் பாதி அடங்கிவிட்டது. மருமகன் பேசியது மெய்கண்டார் பேசியது. 13-ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞான போதத்தின் முதல் சூத்திரமே இதுதான்: உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது, ஆகவே அதற்கு ஒரு கர்த்தா உண்டு. மாமா பேசியது மீமாம்சகர் பேசியது. வேதத்தை எழுத்து மாறாமல் காப்பாற்றிய அந்தப் பரம வைதிகர்கள்தான் உலகத்தைப் படைத்தவன் என்று ஒருவன் வேண்டியதில்லை என்றும் வாதாடினார்கள். சமணரும் அதையே சொன்னார்கள்: உலகத்துக்குத் தொடக்கமும் இல்லை, தொடக்கி வைத்தவனும் இல்லை. கருப்புச் சட்டைக்கு இந்தக் கூட்டணி சங்கடம்தான். ஆனால் வாதத்தில் கூட்டணி தர்மம் பார்க்க முடியாது.

இப்போது ரகசியத்தைச் சொல்கிறேன். காரணத்துக்குக் காரணம், அதற்கும் காரணம் என்று முடிவில்லாமல் போவதை நம் தர்க்க நூல்கள் அனவத்தைக் குற்றம் என்று தள்ளிவிட்டன. எனவே எல்லோரும் எங்காவது நின்றாக வேண்டும். ஆத்திகர் கடவுளிடம் வந்து நிற்கிறார். நாத்திகர் அதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே, பிரபஞ்சத்திலேயே இறங்கிக்கொள்கிறார். இரண்டு பேரும் நின்றவர்கள்தான். ஜெயிக்க வேண்டுமானால் நீங்கள் நின்ற இடத்துக்கு ‘அதுதான் எல்லை’ என்று பெயர் வையுங்கள்; எதிராளி நின்ற இடத்துக்கு ‘பதில் தெரியாமல் நழுவுகிறார்’ என்று பெயர் வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வாதங்கள் இந்த ஒரு தந்திரத்தில்தான் ஓடுகின்றன. நான் எங்கே நிற்கிறேன், ஏன் அங்கே நிற்கிறேன் என்று தானாக முன்வந்து சொல்கிறவரைப் பார்த்தால் உஷாராக இருங்கள். அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

பெருவெடிப்பு என்ற ஆயுதத்தைக் கையாளும் முறை

இது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு அனுகூலம் என்பதால் கரையில் உட்கார்ந்த கையோடு எடுத்துவிடுங்கள்.

ஆத்திகர் எடுத்தால் சொல்ல வேண்டியது: “விஞ்ஞானமே சொல்லிருச்சு, 1380 கோடி வருஷத்துக்கு முன்னால ஒரு ஆரம்பம் இருந்துச்சுன்னு. ஆரம்பம் இருந்தா ஆரம்பிச்சவரு உண்டு.” நாத்திகர் எடுத்தால் சொல்ல வேண்டியது: “விஞ்ஞானமே கணக்குப் போட்டுருச்சு. இனி உங்க ஆளுக்கு அதுல என்ன வேலை?” இரண்டு வாக்கியத்திலும் ‘விஞ்ஞானமே’ என்பதில் உள்ள ஏகாரத்தை நன்றாக அழுத்த வேண்டும். அந்த ஏகாரத்துக்குப் பிறகு யாரும் கணக்கைப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் எதிராளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பெல்ஜியத்துக்காரர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார். எல்லாமே ஆதியில் ஒரே ஓர் அணுவாக ஒடுங்கி இருந்திருக்கலாம் என்று 1931-இல் சொன்னார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இதோ சிருஷ்டிக்கு விஞ்ஞானமே சாட்சி என்ற தொனியில் ஓர் உரை நிகழ்த்தினார். எந்தப் பாதிரியாருக்கும் தலைகால் புரிந்திருக்காது. லெமைத்ருக்கோ சங்கடம். தன் கணக்கை வேதாகமத்துக்குச் சாட்சியாக நிறுத்த வேண்டாம் என்பது அவர் நிலை. கணக்கு கணக்காக இருக்கட்டும், ஜெபம் ஜெபமாக இருக்கட்டும் என்று நினைத்தவர் அவர். அவர் தரப்பிலிருந்து வத்திக்கானுக்கு இது எடுத்துச் சொல்லப்பட்டது; பிறகு போப்பின் உரைகளில் அந்தத் தொனி அடங்கியது.

எதிர்ப்பக்கக் கதை இதைவிட ருசியானது. ‘பிக் பேங்’ என்று பெயர் வைத்த ஃபிரெட் ஹாயில் நாத்திகர். 1949-இல் பிபிசி வானொலியில் பேசும்போது வாயில் வந்த பெயர் அது. அவருக்கு அந்தக் கோட்பாடே பிடிக்காது. பிரபஞ்சம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, தொடக்கம் என்று ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. தொடக்கம் என்றாலே அவருக்கு வேதாகம வாடை அடித்தது. ஆக, தொடக்கம் உண்டு என்று கணக்குப் போட்டது பாதிரியார், அதைச் சாமியோடு முடிச்சுப் போடாதே என்றதும் பாதிரியார். தொடக்கத்தைச் சந்தேகித்தது நாத்திகர், அந்தச் சந்தேகத்துக்குள் கொஞ்சம் மதச்சார்பு, எதிர்ச்சார்பாக, கலந்திருந்ததும் அவரிடம். நம்மூர் மேடைகளில் இந்த விவரம் தெரிந்தால் பாதிப் பேச்சாளர்களுக்கு வேலை போய்விடும்.

ஆதாரம் வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1964-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய ஆன்டெனாவோடு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் இரைச்சல். உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. புறாவைப் பிடித்து, எச்சத்தைச் சுரண்டிக் கழுவியும் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்து வெப்பம், இத்தனை கோடி ஆண்டுகளில் ஆறிப்போய் மைனஸ் 270 டிகிரி அளவில் மிச்சம் இருக்கிறது என்பது பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. 1978-இல் நோபல் பரிசு. பழைய டிவியில் சேனல் இல்லாத இடத்தில் புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, அந்த இரைச்சலில் ஒரு சிறு பங்கு இதுதான். உங்கள் மாமா 1980-களில் டிவி ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லி மொட்டை மாடியைப் பார்த்துக் கத்தியபோதெல்லாம் திரையில் சிருஷ்டியின் மிச்சம் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது ஒளியும் ஒலியும்.

இந்த இரைச்சல் கிளம்பியது பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து. அதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றியும் இயற்பியலார் துணிந்து பேசுகிறார்கள். ஹைட்ரஜன், ஹீலியம் விகிதத்தைக் கணக்கிட்டால் வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகிறது. ஆனால் முதல் கணத்துக்கும் முதல் துளியை நெருங்க நெருங்க அவர்கள் கையில் உள்ள சமன்பாடுகள் கையை விரித்துவிடுகின்றன. அங்கே கடவுளைக் குடியேற்றுவதும், அங்கே காலி மனைதான் என்று பத்திரம் பதிவதும், இரண்டுமே அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது. வழிகாட்டி எழுதுகிறவன் என்ற முறையில் இரண்டையும் பரிந்துரைக்கிறேன். நேர்மையாகப் பேச விரும்புகிறவன் என்ற முறையில் இரண்டும் அயோக்கியத்தனம் என்றும் சொல்லி வைக்கிறேன்.

எண் விளையாட்டு விரைவாக: பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்கின்றன புராணங்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி. “பாத்தியா, கிட்டத்தட்ட!” என்று ஆத்திகர் கையைத் தட்டலாம். தட்டிய கையோடு பேச்சை மாற்றிவிட வேண்டும். ஏனென்றால் அதே கணக்கில் பிரம்மாவின் வயது நூறு ஆண்டு. அதைப் பெருக்கினால் வருகிற தொகை எந்த வானியல் கணக்கோடும் ஒட்டாது. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் நடராஜர் சிலை இருப்பதும் உண்மை, 2004-இல் நிறுவப்பட்டது. அது இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு என்ற பகுதியை மட்டும் ஆத்திகர் விழுங்கிவிட வேண்டும். பதிலுக்கு நாத்திகர் சித்தர் சிவவாக்கியரை இறக்கலாம். கல்லைச் சுற்றி வருவதை அவர் கேலி செய்தது உண்மை. அவர் சிவனை நினைத்து உருகியவர் என்ற பகுதியை இந்த முறை நாத்திகர் விழுங்க வேண்டும்.

முன்மாதிரி வேண்டுவோருக்கு

வெளியூருக்குப் போக வேண்டாம். இந்த வாதக் கலையில் பெரிய பரிசு வாங்கியவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். விஷ்ணுசித்தர் நந்தவனம் வைத்துப் பூக்கட்டிக்கொண்டிருந்தவர். சாஸ்திரம் படித்துக் கரை கண்டவர் என்று வைணவ மரபே சொல்லவில்லை. மதுரையில் பாண்டியன் வல்லபதேவன், பரம்பொருள் யார் என்று நிர்ணயம் செய்பவருக்குப் பொற்கிழி என்று அறிவித்து, பணமுடிப்பைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டான். பெருமாள் கனவில் வந்து போய்ப் பேசு என்றார். போய்ப் பேசினார். கிழி தானாகவே வளைந்து கொடுத்தது என்பது குருபரம்பரைக் கதை.

அந்தப் போட்டியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கடவுள் உண்டா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எந்தக் கடவுள் என்பதுதான் கேள்வி. ஆத்திகருக்கும் ஆத்திகருக்கும் நடுவே நடந்த இந்த வகைச் சண்டைகளின் உக்கிரம் நம் ஊர் நாத்திகத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு, தீர்ப்புச் சொன்னது பணமுடிப்பு. இந்த ஏற்பாடு தொலைக்காட்சி விவாதங்களில் இன்றும் சிறு மாற்றங்களுடன் தொடர்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது ஜெயித்த பிறகு நடந்தது. அரசன் அவரை யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். வானத்தில் கருட வாகனத்தில் பெருமாள் காட்சி கொடுத்தார். விஷ்ணுசித்தர் என்ன செய்தார்? தோற்றவர்களைக் கேலி செய்யவில்லை. இத்தனை கூட்டத்துக்கு நடுவே இப்படி வந்து நிற்கிறாரே, கண் பட்டுவிடுமே என்று சாமிக்காகக் கவலைப்பட்டார். அந்தக் கவலைதான் திருப்பல்லாண்டு. வாதத்தில் ஜெயித்தவன் தன் கட்சிக்காரர் நலமாக இருக்க வேண்டுமே என்று பதறியது வேறு எங்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

எதிர்க்கட்சி முன்மாதிரியும் வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டு நாத்திகம் பெரியாரோடு வந்தது என்று இரண்டு தரப்பும் சேர்ந்தே சொல்வார்கள், அது தவறு. மணிமேகலையிலேயே பூதவாதி வந்து, கண்ணால் காண்பதை விட்டுவிட்டு மறுபிறவி பற்றிப் பேசாதே என்கிறான். சிவஞான சித்தியாரின் பரபக்கம், அதாவது பிறர் மதத்தை மறுக்கும் பகுதி, முதலில் பிடித்து விசாரிப்பது கண்ணால் காண்பதை மட்டும் நம்பும் உலகாயதனைத்தான். உலகாயதர்கள் எழுதிய நூல்கள் பெரும்பாலும் அழிந்து போயின. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நமக்குத் தெரிவதே, மறுப்பதற்காக எதிராளிகள் வரி வரியாக எடுத்து எழுதி வைத்ததால்தான். மறுக்குமுன் எதிர்க்கட்சியை முழுதாகச் சொல்ல வேண்டும் என்ற அந்தக் கட்டாயம் இப்போது யாருக்கும் இல்லை. வழிகாட்டியும் அதை வற்புறுத்தாது, நேரம் ஆகும். பிறகு 1882 முதல் 1888 வரை சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்றொரு நாத்திக இதழ் நடந்தது. பெரியார் அப்போது ஈரோட்டில் சிறுவன்.

பெரியார் 1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். வழக்குப் போனது. அது மண்பொம்மை, கோயிலில் வைத்துப் பூசித்த விக்கிரகம் அல்ல, எனவே புனிதப் பொருள் ஆகாது என்று கீழ்நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. உச்ச நீதிமன்றம் 1958-இல் அந்த விளக்கம் தவறு, ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினால் போதும் என்றது. சொல்லிவிட்டு, ஐந்து வருடம் ஓடிப்போனதால் மறுபடி கிளற வேண்டாம் என்று மேல்முறையீட்டையும் தள்ளியது. சட்டம் ஆத்திகர் பக்கம், தீர்ப்பு நாத்திகர் பக்கம். இரண்டு தரப்பும் வெற்றி என்று நோட்டீஸ் அடிக்கக்கூடிய தீர்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கும். பத்து வருடம் கழித்து, 1968-இல், அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை எடுக்கச் சொல்லி அண்ணா அரசு சுற்றறிக்கை விட்டது. அரசின் இலச்சினையில் இருப்பதோ கோபுரம். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது எங்கள் கட்சி. மதுரைக்காரர்கள் தங்கள் மேலைக் கோபுரம் என்பார்கள். அந்த வாதத்துக்குத் தனி வழிகாட்டி எழுத வேண்டும்.

பேசக் கூடாத இடம் ஒன்று உண்டு. 2015 மே மாதம் அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியவர்கள் இறங்கும் நேரத்தில் மலையில் திடீரென மழை கொட்டி ஓடைகளில் வெள்ளம் வந்தது. அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள் சிலர். ஆயிரக்கணக்கானவர்கள் மேலே சிக்கிக்கொண்டு பிறகு மீட்கப்பட்டார்கள். தப்பித்தவர்களை மலைமேல் இருக்கும் சாமி மகாலிங்கம் காப்பாற்றினார் என்றது ஒரு பக்கம். செத்தவர்களை ஏன் விட்டார் என்றது மறுபக்கம். இரண்டாவது கேள்வி நியாயமானது, பழையது, ஆத்திக நூல்களே அதோடு மல்லுக்கு நின்று களைத்திருக்கின்றன. ஆனாலும் அதைக் கேட்கும் முதல் உரிமை பிணத்தை வாங்கிக்கொண்டு போன வீட்டுக்கு. அந்த வீட்டார் கேட்டால் பக்கத்தில் உட்காருங்கள். நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள், எந்தப் பக்கத்திலிருந்தும்.

வாதமே இல்லாமல் வேலை நடக்குமா என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது. ராமானுஜன் தன் கணக்குகளை நாமக்கல் நாமகிரித் தாயார் தந்தார் என்றவர். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி பேர்போன நாத்திகர். 1914 முதல் ஐந்து வருடம் சேர்ந்து உட்கார்ந்து, எண்களைப் பிரித்துக் கூட்டும் வழிகளுக்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். சூத்திரத்தை யார் கொடுத்தது என்று ஹார்டி கேட்டதைவிட, நிரூபணம் எங்கே என்று கேட்டதுதான் அதிகம்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்த மாதிரி வாதம் தமிழ்நாட்டில் எங்காவது முடிவுக்கு வந்திருக்கிறதா? முழுதாக இல்லை. பாதி வாதம் ஊட்டியில் முடிவுக்கு வந்தது.

ஊட்டிக்குப் பக்கம் முத்தோரையில் ஒரு மலைச்சரிவு. அதன் சாய்வு 11 டிகிரி சொச்சம். ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அந்தச் சரிவைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை அதன் மேல் படுக்க வைத்தார் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். அப்படி வைத்ததால் அதன் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு புள்ளியை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 1970-இல் வேலை தொடங்கியது. நிலா நகர்ந்து வந்து தொலைதூர ரேடியோ மூலங்களை மறைக்கும் நேரத்தை வைத்து அவற்றின் அளவை அளந்தார்கள். தூரத்தில் இருப்பவை பக்கத்தில் இருப்பவற்றைப் போல இல்லை என்று தெரிந்தது. தூரம் என்றால் பழங்காலம். ஆக, பிரபஞ்சம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975 வாக்கில் இதை வெளியிட்டபோது ஹாயில் கட்சிக்கு அது ஓர் அடி.

ஊட்டித் தொலைநோக்கியை நடத்திய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலேயே, 1972-இலிருந்து ஹாயிலின் மாணவரான ஜயந்த் நார்லிகர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அடி கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே நிறுவனத்தில். நார்லிகர் கட்சி மாறவில்லை. 1993-இல் ஹாயிலுடனும் வானியலாளர் பர்பிட்ஜுடனும் சேர்ந்து தன் கோட்பாட்டைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். உலகம் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. ஆனால் இன்ன அளவு இப்படி வந்தால் என் கட்சிக்குச் சிக்கல் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அளந்தார்கள். சிக்கல் வந்தது. அதற்கு மேல் பேசியதெல்லாம் அந்த அளவைப் பற்றித்தான்.

ஆகவே பிளவக்கல்லில் மாமா பக்கத்தில் உட்கார்ந்ததும் இதைக் கேளுங்கள்: “எது தெரிஞ்சா நீங்க மனசை மாத்திக்குவீங்க மாமா?” எம் புக் என்று அவர் முன்னமே சொல்லிவிட்டார், அது ஒரு பதில்தான், குறை சொல்ல முடியாது. உங்கள் பதிலை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.